வாத்து மேய்த்த லாசரு

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை நாட்டில், வாத்து மேய்த்துப் பிழைத்த அடியார் ஒருவர் இருந்தார். லாசரு என்பது அவர் பெயர். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லையும், சேற்றில் ஊரும் நத்தையையும் புழுவையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். ஒரு வயல் தீர்ந்தால் அடுத்த வயல், ஓர் ஊர் தீர்ந்தால் அடுத்த ஊர் என்று நீண்ட மூங்கில் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவற்றின் பின்னே நடப்பதுதான் அவர் தொழில். பொழுது சாய்ந்ததும் வரப்போரம் மூங்கில் தட்டிகளை வட்டமாக நட்டுப் பட்டி போடுவார். பக்கத்தில் ஓலையால் ஒரு சின்னக் கூடாரம். அவருக்கும் மனைவி அஞ்சலைக்கும் அதுதான் வீடு. பிள்ளைகள் இல்லை.

விடிந்ததும் பட்டிக்குள் குனிந்து போய் முட்டை பொறுக்குவது முதல் வேலை. வாத்து, கூடு கட்டி முட்டையிடும் பறவையன்று. படுத்த இடத்தில், சேற்றிலோ சகதியிலோ போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு எழுந்து போய்விடும். லாசரு ஒவ்வொரு முட்டையைத் துடைத்துக் கூடையில் வைக்கும்போதும் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்வார். முட்டை குறைந்த நாளில் ஸ்தோத்திரமும் குறைந்துவிடுகிறதே என்று வருந்தி, முட்டை இல்லாத பள்ளங்களைப் பார்த்தும் சொல்லத் தொடங்கினார். அப்புறம் கோலைச் சேற்றில் ஊன்றிவிட்டுக் கிழக்கே பார்த்து நின்று ஜெபம் செய்வார். அவர் ஆமென் சொன்ன பிறகுதான் தட்டி திறக்கும் என்பது வாத்துகளுக்குத் தெரியும். ஜெபம் சற்று நீண்டால் அவை போடும் கூச்சல் அடுத்த ஊருக்குக் கேட்கும். “இதோ முடிச்சிட்டேன், செத்த இருங்கடி” என்று நடுவே அவற்றையும் தேற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்வார்.

அவர் பிறவியிலேயே கிறிஸ்தவர் அல்லர். பெற்றோர் வைத்த பெயர் காத்தான். சாமி என்றாலே அவருக்குப் பயம். எதையாவது குறை வைத்துவிட்டோமோ, அதனால்தான் குஞ்சு செத்ததோ, அதனால்தான் வீட்டில் தொட்டில் ஆடவில்லையோ என்று எப்போதும் ஓர் அச்சம் அவரைத் தொடர்ந்துகொண்டிருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, நெடுவாய்க்கால் என்னும் ஊரின் குளக்கரையில்தான் அந்த அச்சம் அவரை விட்டுப் போயிற்று.

அந்த ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. ஓடு வேய்ந்த சிறிய கோவில் ஒன்று குளத்தை ஒட்டி இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஊரிலிருந்து போதகர் வருவார். சபையார் அவரை ஐயர் என்பார்கள். மற்ற நாட்களில் கோவிலைக் கவனித்துக்கொண்டவர் உபதேசியார் ஞானாபரணம். படிப்பை முடித்துப் புதிதாக வந்தவர், ஒல்லியான மனிதர், காத்தானைவிட இளையவர்.

ஒருநாள் அவர் குடையும் கையுமாகக் குளக்கரையில் நின்று ஒரு வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோழி கரையில் அங்குமிங்கும் ஓடிக் கத்திக்கொண்டிருந்தது. தண்ணீரில் வாத்துக் குஞ்சுகள் ஆனந்தமாக நீந்திக்கொண்டிருந்தன. காத்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். வாத்து அடைகாக்காது; அதனால் முட்டையை அடைக்கோழிக்கு வைத்துத்தான் பொரிக்க வேண்டும். பொரிந்த குஞ்சுகளைக் கோழி தன் பிள்ளை என்றே நினைத்துக்கொள்ளும். அவை தண்ணீரில் இறங்கியதும் மூழ்கிவிடப் போகின்றன என்று இப்படிப் பதறும். ஆனால் தான் இறங்காது. அதற்கு நீந்தத் தெரியாது.

பேச்சு வளர்ந்தது. நீங்கள் கோவிலில் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று காத்தான் கேட்டார். உபதேசியார் கரையிலேயே உட்கார்ந்து சொன்னார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒருவர். அவர் மனிதரைத் தம் வேலைக்காரராகப் படைக்கவில்லை, பிள்ளைகளாகப் படைத்தார். பிள்ளைகள் அவரை விட்டுத் தம் இஷ்டத்துக்குப் போனார்கள். அந்தப் பிரிவுதான் பாவம். பொய்யும் களவும் கொலையும் அதிலிருந்து முளைத்தவை. போனவர்களுக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை, வலுவும் இல்லை. அதனால் கடவுளே மனிதராகி, ஓர் ஏழைப் பெண்ணின் வயிற்றில், மாட்டுக் கொட்டகையில் வந்து பிறந்தார். அவர்தான் இயேசு. தச்சு வேலை பார்த்தார். தொழுநோயாளிகளைத் தொட்டார். யாரும் கூட உட்காராதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு குற்றமும் செய்யாத அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். உலகத்தின் பாவத்தையெல்லாம் தாம் ஏற்று, தம்மைக் கொன்றவர்களையும் மன்னித்துச் செத்தார். மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். அவரை நம்புகிறவர்களுக்கும் சாவு முடிவன்று.

காத்தானுக்குக் கோழியின் மேலிருந்து கண் அகலவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

“அப்படின்னா அந்தச் சாமி இந்தக் கோழி மாதிரி கரையில நின்னு கத்திக்கிட்டு இருக்கல. தண்ணிக்குள்ளயே எறங்கிட்டாரு.”

உபதேசியார் முகம் மலர்ந்தது. அதேதான் என்றார். தாம் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று அன்று தோன்றியதாகப் பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு.

காத்தானுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. “இதுக்கு நாங்க என்னா கொடுக்கணும்?”

“ஒண்ணும் கொடுக்க வேண்டாங்க. அவரே கொடுத்து முடிச்சிட்டாரு. நீங்க வாங்கிக்கிட்டா போதும்.”

காத்தான் நம்பவில்லை. சும்மா கிடைக்கிற பொருளில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்பது சந்தையில் அவர் கற்ற பாடம். மறுநாளும் வந்து கேட்டார், அதற்கு மறுநாளும் வந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே பதில். கடைசியில் ஒரு காலைப்பொழுதில், வாத்துகளை ஓட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது, அது மெய்தான் என்று அவருக்குள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கவில்லை. பின்னால் முட்டைக் கூடையோடு வந்த அஞ்சலை, இந்த மனுசனுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்தாள்.

அஞ்சலை எதையும் எளிதில் ஒப்புக்கொள்கிறவள் அல்லள். கணவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். “தப்பே பண்ணாத ஆளு எதுக்குச் சாவணும்? தப்புப் பண்ணவன தப்பிக்க உட்டுட்டு நல்லவன் சாவறது என்னா ஞாயம்?” ‘எனக்கும் சரியாச் சொல்லத் தெரியல புள்ள’ என்று அவர் ஒப்புக்கொண்டார். அவள் தன் வழியிலேயே இருந்தாள். அவரும் அவளை வற்புறுத்தவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன் ஐயர் அவரைச் சில கேள்விகள் கேட்டார். பாடமாகச் சொல்ல வேண்டிய விடைகளில் பாதி அவருக்கு மறந்துபோயிற்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பது என்ன என்று கேட்டபோது மட்டும் தயங்காமல் சொன்னார்: “மேல இருக்கிற அப்பா. நமக்காக எறங்கி வந்த புள்ள. இப்ப நம்ம கூடவே நடந்து வர்ற ஆவி. மூணு சாமி இல்லீங்க, ஒரே சாமி.” ஐயர் புன்னகைத்து அடுத்த கேள்வியை விட்டுவிட்டார்.

என்ன பெயர் வேண்டும் என்றார்கள். உபதேசியார் சொன்ன வேதக் கதைகளில் லாசரு என்று இருவர் வந்தனர். ஒருவர், பணக்காரன் வாசலில் நாய்களோடு கிடந்த பிச்சைக்காரர். மற்றவர், செத்து நாலாம் நாள் உயிரோடு எழுந்தவர். “ஏழைக்கும் அதே பேரு, எழுந்தவருக்கும் அதே பேரா? அப்ப எனக்கும் அதையே வையுங்க” என்றார்.

ஞானஸ்நானம் கோவிலுக்குள் நடப்பதுதான் வழக்கம். குளத்தில் வைத்துக் கொடுங்கள் என்று அவர் கெஞ்சிக் கேட்டதால் ஐயர் இசைந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் நின்றார்கள். எஜமான் தண்ணீரில் இறங்கியதைக் கண்ட வாத்துகள் சும்மா இருக்குமா? மொத்தப் பட்டியும் சடசடவென்று குளத்தில் பாய்ந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அவற்றின் இரைச்சலில் ஐயர் சொன்ன ஞானஸ்நான வாசகம் கரையில் இருந்த சபைக்குக் கேட்கவேயில்லை. மூழ்கி எழுந்த லாசருவின் தலையில் ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. ஐயரே சிரித்துவிட்டார்.

சபையில் எல்லாருக்கும் அது சிரிப்பாக இல்லை. சபையின் மூப்பராக இருந்தவர் தேவசிகாமணி. நிலபுலன் உள்ளவர், முன்வரிசையில் உட்காரும் விசுப்பலகை அவருடையது. லாசரு முதல் ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது கோவிலா வாத்துக் கொட்டகையா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அது எல்லார் காதிலும் விழுந்தது. லாசரு தாமாகவே எழுந்து கதவோரம் தரையில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே காற்று நன்றாக வருகிறது, வாத்துகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்று உபதேசியாரிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஊரில் அவரை யாரும் லாசரு என்று அழைக்கவில்லை. ‘ஏ வாத்து’ என்றார்கள். மற்ற வாத்துக்காரர்கள் ‘வாத்துச் சாமியார்’ என்றார்கள். அழைத்தது எவராயினும் ‘வந்துட்டேங்க’ என்று திரும்புவார்.

சில வருடங்கள் இப்படிப் போயின. வாத்துகள் பெருகின. வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் பழக்கம் அந்தப் பக்கம் புதிதாகப் பரவிய காலம் அது.

ஒரு மாசி மாதம். நெடுவாய்க்கால் வயல்கள் அறுவடையாகிவிட்டன. மூப்பர் தேவசிகாமணியின் ஒரு வயல் மட்டும் நடவு தாமதமானதால் கதிரோடு நின்றது. ஒருநாள் வாத்துகள் சில வரப்பைத் தாண்டி அதில் இறங்கி ஓரத்தை மிதித்துவிட்டன. லாசரு ஓடிப்போய் அவற்றை விரட்டி, மூப்பரிடம் மன்னிப்புக் கேட்டு, சரிந்த வரப்பைத் தாமே மண்வெட்டியால் சீர் செய்து கொடுத்தார். இன்னொரு தடவை பார்த்தால் நடப்பது வேறு என்றார் மூப்பர்.

இன்னொரு தடவை வாத்துகள் அந்த வயலில் இறங்கவேயில்லை. அறுத்த வயலில்தான் மேய்ந்தன. வரப்பு முழுவதும் யாரோ நெல்லைத் தூவியிருந்தார்கள். அள்ளி அள்ளித் தின்ற வாத்துகள் வாய்க்காலுக்குத் தண்ணீர் குடிக்கப் போகுமுன்பே ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கழுத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டு சுழன்றன. லாசரு ஒன்றைத் தூக்குவார், அதற்குள் இன்னொன்று விழும். கொஞ்ச நேரத்தில் செத்த வாத்துகளால் வயல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பின்தங்கி வந்த ஒரு சில மட்டும் பிழைத்தன. வரப்பில் கிடந்த நெல்லை அஞ்சலை கையில் அள்ளி முகர்ந்தாள். பூச்சிமருந்து நாற்றம். அதைத் தூவியது யார் என்பதை மூப்பரின் பண்ணையாள் ஒருவர் மனம் கேட்காமல் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சேதி கேட்டு ஒரு வியாபாரி வண்டியோடு வந்தார். செத்த வாத்துகளை அப்படியே வாங்கிக்கொள்வதாகவும், கள்ளுக்கடைகளில் தள்ளிவிடலாம் என்றும் சொன்னார். அடுத்த வேளைக்கு அரிசி இல்லாத நிலை. லாசரு தலையசைத்து மறுத்துவிட்டார். “வெஷம் தின்ன ஒடம்புங்க. இன்னொருத்தர் வயித்துக்குள்ள போவக் கூடாது” என்றார். வியாபாரி அவரை முட்டாள் என்று திட்டிவிட்டுப் போனார். லாசரு குழி வெட்டினார். எல்லாவற்றையும் அதில் அடுக்கி மண்ணைத் தள்ளி மூடினார். அதுவரை அவர் அழவில்லை. மண்வெட்டியைக் கழுவும்போது அழுதார்.

பிழைத்த வாத்துகளை அஞ்சலை பார்த்துக்கொண்டாள். அவர் வாய்க்கால் தூர்வாரும் கூலி வேலைக்குப் போனார். காலை ஜெபம் மட்டும் தடைப்பட்டுப் போயிற்று. இயேசு தம் சீடருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று ஒரு வேண்டுதல் உண்டு. அந்த இடம் வந்ததும் லாசருவின் நாக்கு நின்றுவிடும். பொய் சொல்ல அவருக்கு மனமில்லை. கோலைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். “ஏன்யா பாதியிலயே நிப்பாட்டுற?” என்று அஞ்சலை ஒருநாள் கேட்டாள். “மேல போவ முடியல” என்றார்.

ஒருநாள் தூர்வாரும்போது, தம் முகத்தில் சேறு தெறித்த நிலையில், அவர் தம் நெஞ்சோடு பேசிக்கொண்டார். எனக்குச் சும்மாதானே கொடுத்தார்? நான் என்ன கொடுத்து வாங்கினேன்? வாங்கியதைத் தராமல் வைத்துக்கொள்கிறேனே. அன்று வேலை முடிந்ததும் நேரே மூப்பர் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, “ஐயா, வாத்து விசயத்த நான் மறந்துட்டேன். எம் மனசுல ஒண்ணும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றார்.

மூப்பர் முகம் கறுத்தது. எந்த வாத்து, என்ன விஷயம், எவன் சொன்னான் என்று சீறினார். படி ஏறி வந்து பழி போடுகிறாயா, போடா வாத்துப் பயலே என்று விரட்டினார். லாசரு கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மறுநாள் காலையில் ஜெபத்தை முழுக்கச் சொல்லி முடித்தார். நெடுநாள் கழித்து ஆமென் கேட்ட வாத்துகள் ஒருகணம் திகைத்து, அப்புறம் கத்தின. அஞ்சலைக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் மற்ற வாத்துக்காரர்கள் மறக்கவில்லை. இன்று லாசரு, நாளைக்கு நாம் என்ற பயம் அவர்களுக்கு நியாயமானதுதான். பக்கத்து ஊர்களில் பட்டி போட்டிருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். குப்பாண்டி என்பவர் அவர்களில் முன்னால் நிற்கிறவர். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் பந்தங்களோடு மூப்பரின் களத்துமேட்டுக்கு வந்தார்கள். அங்கே அந்த வருடத்து வைக்கோல் முழுவதும் பெரிய போராக உயர்ந்து நின்றது. அதை ஒட்டியே மாட்டுத் தொழுவம், அதை அடுத்து வீடு. அஞ்சலையும் அவர்களோடு வந்திருந்தாள். அவள் கண்ணில் இன்னும் அந்த வெள்ளை வயல் இருந்தது.

சேதி எட்டியதும் லாசரு வாய்க்காலிலிருந்து ஓடி வந்தார். சாத்தியிருந்த ஏணியில் ஏறி வைக்கோல் போரின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணே, எறங்கிடு. ஒனக்காகத்தான் வந்திருக்கோம்” என்றார் குப்பாண்டி.

“எனக்காகன்னா பந்தத்த வாய்க்கால்ல போட்டுட்டுப் போங்கப்பா. செத்தது என் வாத்து. நான் அத உட்டுட்டேன்.”

“நாளைக்கு எங்க வாத்துக்கும் வெஷம் வெப்பான். அப்ப யாரு கேக்கறது?”

“வெக்க மாட்டாரு. அதுக்கு நான் ஜவாப்பு. அப்படி ஏதாவது ஆச்சுன்னா எங்கிட்ட மிச்சம் இருக்கிற வாத்த எடுத்துக்கிங்க. அதுவும் பத்தலைன்னா என்னை வேலைக்கு வச்சுக்கிங்க.”

அஞ்சலை கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். “இந்தாய்யா மனுசா, அவன் ஒனக்கு என்னா பண்ணான்னு தெரிஞ்சும் அவன் வைக்கல் மேல போயி ஒக்காந்திருக்கியே.”

“தெரிஞ்சுதான் புள்ள ஒக்காந்திருக்கேன்” என்றார் அவர்.

இதற்குள் கூட்டத்தில் குடித்திருந்த ஒருவர் தம் பந்தத்தை வீசிவிட்டார். அது போரின் அடியில் விழுந்தது. காய்ந்த வைக்கோல் குப்பென்று பற்றியது. மேலே இருந்தவர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தொழுவத்தில் கிடந்த கோணியைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து நெருப்பின் மேல் அடித்தாள். அடித்துக்கொண்டே குப்பாண்டியைப் பெயர் சொல்லித் திட்டினாள். குப்பாண்டி பந்தத்தை எறிந்துவிட்டு வாளியைத் தூக்கினார். மற்றவர்களும் பானை, குடம், மாட்டுத்தொட்டி என்று கையில் அகப்பட்டதில் தண்ணீரை மொண்டு ஓடி வந்தார்கள். கொளுத்த வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மூச்சு வாங்க அணைத்து முடித்தார்கள். ஏணி கருகிப் போயிருந்ததால் லாசரு மேலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினார். பாதத்தில் தீப்புண். தலையெல்லாம் வைக்கோல். நனைந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து அவர் கும்பிட்டதும் குப்பாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே கலைந்து போனார்கள். மூப்பர் வீட்டுச் சன்னல் ஒருக்களித்திருந்தது. கதவு திறக்கவில்லை.

கூடாரத்தில் அஞ்சலை அவர் பாதத்துக்கு எண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே சொன்னாள்:

“அவன் மேல எனக்கு இருந்த கோவம் அப்படியேதான் இருந்துச்சுய்யா. அந்த வைக்கல் எரிஞ்சு சாம்பலாப் போனா சந்தோசப்பட்டிருப்பேன். ஆனா அதுல நீ ஒக்காந்திருந்தியே. ஒனக்காவத்தான் அணைச்சேன்.” விரலில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டாள். “நல்லவன் எதுக்குச் சாவணும்னு ஒன்னைய கேட்டேனே. இதுக்காவத்தான் அவரு அந்தச் சிலுவ மரத்து மேல போயி இருந்தாரா?”

லாசரு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் நிறைந்தன. இத்தனை வருடம் தமக்குச் சொல்லத் தெரியாததை அவள் சொல்லிவிட்டாள்.

அந்த வருடத்து ஈஸ்டர் பண்டிகை வந்தது. விடியற்காலையிலேயே கோவில் மணி அடித்தது. புது ஓலையும் செம்பருத்தியும் கட்டி வாசலை அலங்கரித்திருந்தார்கள். கிறிஸ்து உயிர்த்தார் என்று ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சொல்லிக்கொண்டு சபையார் உள்ளே வந்தார்கள். லாசரு வழக்கம்போல் கதவோரம் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் அன்று முதல்முறையாக அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் மூப்பரின் இடம் காலியாக இருந்தது. களத்துமேட்டுச் சம்பவத்துக்குப் பின் அவர் கோவிலுக்கு வரவில்லை.

ஐயர் பிரசங்கம் செய்தார். இயேசுவின் கல்லறையை மூடியிருந்த கல் புரண்டது அவருக்கு வழிவிட மட்டுமல்ல, நமக்கும் வழிவிடத்தான் என்றார். சாவையே ஜெயித்தவருக்கு நம்முடைய பகையை ஜெயிப்பது பெரிதா என்று கேட்டார். அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்து, திருவிருந்துக்கு வாருங்கள் என்று சபையை அழைத்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. மூப்பர் தேவசிகாமணி நின்றார். முகம் சவரம் செய்யாமல் வாடியிருந்தது. அவர் முன்வரிசைக்குப் போகவில்லை.

“ஐயரே, இந்தப் பந்திக்கு வர எனக்கு யோக்கியதை இல்ல. இவரு வாத்துக்கு வெஷம் வெச்சது நான்தான். இவரு என் வீட்டு வாசல்ல வந்து மன்னிச்சேன்னு சொன்னப்ப விரட்டி உட்டேன். என் வைக்கப்போர் மேல ஏறி ஒக்காந்து என் வீட்டக் காப்பாத்துனப்பவும் கதவச் சாத்திக்கிட்டேன். சபைக்கு முன்னால சொல்றேன். என்னைய என்ன பண்ணணுமோ பண்ணுங்க.”

ஐயர் லாசருவைப் பார்த்தார். லாசரு புண்பட்ட காலை ஊன்றி எழுந்தார். போய் மூப்பரின் கையைப் பிடித்தார். “வாங்கய்யா, பசிக்குது. போயிச் சாப்புடுவோம்” என்றார்.

இருவரும் நடந்து போய்ப் பீடத்தின் முன் அருகருகே முழந்தாளிட்டார்கள். மூப்பரின் தோள் குலுங்கியது. லாசருவின் மேலிருந்து வாத்து வாடை அன்றும் வந்தது. எவரும் மூக்கைப் பொத்தவில்லை.

வழிபாடு முடிந்து வெளியே வந்ததும் லாசரு ஐயரைத் தனியே அழைத்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அப்பத்தை என் கையில் வைக்கும்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்களே, எதற்கு என்றார். ஐயர் வியந்தார். தாம் எவர் பெயரையும் சொல்வதில்லை, அன்றும் சொல்லவில்லை என்றார். லாசரு மறுபடியும் கேட்டார்.

“இல்லீங்க, நல்லாக் கேட்டுச்சு. ‘லாசரு’ன்னு. ரொம்ப நாள் பழகினவங்க கூப்புடுற மாதிரி. அதட்டல் இல்ல. அப்படி ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டது இல்லீங்க.”

பக்கத்தில் நின்ற தேவசிகாமணி தலை குனிந்தார். “எனக்கும் கேட்டுச்சு ஐயரே” என்றார். “நீங்கதான் கூப்புட்டீங்கன்னு நெனச்சேன்.”

ஐயர் தம் இரு கைகளையும் குவித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அஞ்சலை மட்டும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. “ஊரே வாத்து வாத்துன்னு கூப்புட்டுச்சு. பேரு வெச்சவருக்குப் பேரு தெரியாமலா இருக்கும்?” என்றாள். பிறகு ஐயரிடம் திரும்பி, தனக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்றாள். பெயரை மட்டும் மாற்ற வேண்டாம், அஞ்சலை என்றாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்லிவிட்டாள்.

தேவசிகாமணி அந்த ஆண்டே தம் வீட்டு அடைக்கோழிகள் அத்தனையையும் வாத்து முட்டைக்கு உட்கார வைத்தார். பொரிந்த குஞ்சுகளைத் தம் கையாலேயே கூடையில் எடுத்துப் போய் லாசருவின் பட்டியில் விட்டார். குப்பாண்டியும் மற்ற வாத்துக்காரர்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கொண்டு வந்தார்கள். லாசருவுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். அவர் கதவோரமே போதும் என்றார். அப்புறம் தேவசிகாமணியும் அங்கேதான் வந்து உட்காரத் தொடங்கினார்.

மன்னிப்பை இலவசமாகப் பெற்று இலவசமாகவே கொடுத்தவர், பகைவனின் வைக்கோல் போரைத் தம் உடலால் காத்தவர், வாத்து மேய்த்த லாசரு. அவரைப் பேர் சொல்லி அழைத்த அன்பு நம்மையும் அழைப்பதாக.